இலவச வைத்தியம் உள்ள நாட்டில் சுகாதாரப் பொருளியலாளருக்கு என்ன வேலை?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் பொருளியல் சிறப்புப் பட்டத்தின் கடைசி வருடத்தில் இருக்கும், ஹட்டன் பக்கத்துத் தங்கச்சி ஒருவர் கேட்கிறார்: "சுகாதாரப் பொருளியல் ஆராய்ச்சிக்குப் போக யோசிக்கிறேன். ஆனால் எங்கள் நாட்டில் வைத்தியம் இலவசம். விலையே இல்லாத இடத்தில் பொருளியலாளருக்கு என்ன வேலை? இந்தத் துறையில் இருப்பவர்களின் வாழ்க்கை எப்படி? உயர்தரம் (ஏ/எல்) வரை தமிழில் படித்த எனக்கு அங்கே இடம் இருக்கிறதா?"

இருபது வருடத்துக்கு மேல் இதிலேயே கிடக்கிறேன். கொஞ்ச காலம் விரிவுரையாளராக, மிச்சம் ஆராய்ச்சி நிறுவனங்களில். முதல் கேள்விக்குக் கோட்பாடு சொல்வதற்கு முன் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன்.

சில வருடங்களுக்கு முன் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வீடு வீடாகச் செலவுக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தோம். (உங்கள் ஊர்த் தோட்டம் இல்லை. கொழும்பில் சந்துக்குள் நெருக்கியடித்து நிற்கும் வீடுகளையும் தோட்டம் என்றுதான் சொல்வோம்.) அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. சீனி வருத்தம், பிரஷர் இரண்டும் உண்டு. "போன மாதம் வைத்தியத்துக்கு எவ்வளவு செலவானது?" என்று படிவத்தில் இருந்தபடியே கேட்டேன். "ஒன்டும் இல்ல மகள், பெரியாஸ்பத்திரிதானே, எல்லாம் சும்மாதான் தர்றாங்க" என்றார். 0 என்று எழுதினேன்.

பேனையை மூடிய பிறகுதான் கதை வந்தது. நம்பர் எடுக்க விடியற்காலையிலேயே போகவேண்டும், அந்த நேரத்தில் பஸ் இல்லை, ஆட்டோ. தனியாகப் போகப் பயம். புறக்கோட்டையில் துணிக்கடையில் நிற்கும் மகள் கூடப் போனாள், அன்றைய சம்பளம் வெட்டு. எழுதிக் கொடுத்த மூன்று மருந்தில் ஒன்று ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டதால் வெளியே வாங்கச் சொல்லித் துண்டு கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்கு எழுதியதில் பத்து நாளைக்கு மட்டும் வாங்கினார்கள். இரத்தப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த திகதி தள்ளிப்போனதால் அதுவும் வெளி லேப்பில். இடையில் பசிக்கு ஆளுக்கொரு பணிஸும் பிளேன்டீயும். எல்லாம் கூட்டினால் அந்த வீட்டின் ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவுக்குக் கிட்ட வந்தது. வாங்காமல் விட்ட இருபது நாள் மாத்திரைக்கு என்ன விலை போடுவது என்பது வேறு கதை.

உற்பத்திச் சாத்திய வளையியோடு சேர்த்து நீங்கள் ஏ/எல்லில் மனப்பாடம் செய்த அமையச் செலவு, அதாவது ஒன்றுக்காக நாம் கைவிட்ட மற்றதன் பெறுமதி, இதுதான். மகளின் நாட்சம்பளம் எந்தப் பற்றுச்சீட்டிலும் வராது. இலவசம் என்றால் விலை கவுண்டரில் இல்லை, அவ்வளவுதான். அது பஸ்ஸிலும் வரிசையிலும் பாமசியிலும் போய் உட்கார்ந்திருக்கும். அதைத் தேடிப் பிடிப்பது எங்கள் வேலையில் பெரும்பங்கு.

சரி, கவுண்டரிலும் விலை இருந்த காலம் ஒன்று உண்டு. அரச ஆஸ்பத்திரிகளில் கட்டணம் 1951-ல் நீக்கப்பட்டது. 1971-ல் வெளிநோயாளர் பிரிவில் 25 சதம் அறவிடத் தொடங்கினார்கள். 25 சதம் அன்றைக்கும் பெரிய காசில்லை. ஆனாலும் ஓ.பி.டி. கூட்டம் சட்டென்று குறைந்தது. 1977-ல் அந்தக் கட்டணமும் போயிற்று. அதே காலத்தில்தான் அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்கு வெளியே தனியாகப் பார்க்கலாம் என்ற அனுமதியும் வந்தது. இன்று பின்னேரமானால், கொழும்பில் தனியாக வைத்தியம் பார்க்கும் இடங்கள் உள்ள வார்ட் பிளேஸ் வீதியில் வாகனம் நிறுத்த இடமில்லாமல் போவதன் மூலம் அங்கே இருக்கிறது. காலையில் வாட்டில் சும்மா பார்க்கிற அதே ஸ்பெஷலிஸ்டை இரவு ஏழு மணிக்குக் காசு கட்டிச் சனல் பண்ணுகிறோம். வெளிநாட்டுக்காரருக்கு இதை விளங்கப்படுத்துவதற்குள் தேநீர் ஆறிவிடும்.

அந்த 25 சதத்தை, அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய சுகாதாரக் காப்புறுதிப் பரிசோதனைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1974 முதல் 1982 வரை ஜோசப் நியூஹவுஸ் தலைமையில் நடந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு வைத்தியம் முழு இலவசம், சிலருக்கு ஒரு பங்கு கைக்காசு, சிலருக்கு ஒரு வரம்பு வரை 95 வீதமும் கைக்காசு என்று வைத்தார்கள். கைக்காசு கூடக்கூட டாக்டரிடம் போவது குறைந்தது. சராசரி ஆளின் உடல்நிலையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே வருத்தக்காரராக இருந்த ஏழைகளின் இரத்த அழுத்தம், இலவசம் கிடைத்தவர்களிடம்தான் நன்றாகக் கட்டுப்பட்டிருந்தது. இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டு முதல் வரியை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்களை நீங்கள் நிறையச் சந்திப்பீர்கள், கொழும்புக் கருத்தரங்குகளிலும்.

இந்தத் துறையின் பிறந்தநாளைக் கேட்டால் பலரும் 1963 என்பார்கள். கென்னத் அரோ என்ற பெரிய கோட்பாட்டாளர் வைத்தியச் சந்தையைப் பற்றி அமெரிக்கன் எகனொமிக் ரிவியூவில் ஒரு கட்டுரை எழுதினார். எப்போது வருத்தம் வரும் என்று நோயாளிக்குத் தெரியாது, எந்த மருந்து வேலை செய்யும் என்றும் தெரியாது, விற்கிறவருக்கு வாங்குகிறவரை விட அதிகம் தெரியும். இப்படிப்பட்ட இடத்தில் சாதாரணச் சந்தை விதிகள் ஓடாது என்பது அவர் வாதம். நாங்கள் இலங்கைத் தமிழில் 'டிமாண்ட்' என்பதைக் கேள்வி என்கிறோம், 'சப்ளை' நிரம்பல். வைத்தியத்துக்கு இந்தச் சொல் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். நோயாளி உண்மையிலேயே கேள்வி மட்டும்தான் கேட்கிறார், எதை எவ்வளவு வாங்குவது என்று தீர்மானிப்பவர் எதிரே ஸ்டெதஸ்கோப்போடு இருக்கிறவர். கேள்வியையும் நிரம்பலையும் ஒரே ஆள் வைத்திருந்தால் அந்த இரண்டு வளையிகளும் எங்கே வெட்டும்?

இனி எங்கள் நாட்டின் புதிருக்கு வருகிறேன். ஆராய்ச்சிக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால் இங்கேதான் இருக்கிறது. இலவச வைத்தியம் என்று பெயர் இருந்தாலும், நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் பாதிக்குச் சற்றுக் குறைய மக்களின் சொந்தப் பையிலிருந்துதான் போகிறது. வேறு நாட்டில் இப்படி ஒரு இலக்கத்தைப் பார்த்தால் ஏழைகள் நசுங்கிப் போயிருப்பார்கள் என்று நினைப்போம். 2006-ல் லான்செட் வைத்திய இதழில் 11 ஆசிய நாடுகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. அது வளர்ந்த வலையமைப்பை ஒருங்கிணைத்தது கொழும்பில் உள்ள சுகாதாரக் கொள்கை நிறுவனம். வைத்தியச் செலவைக் கழித்துப் பார்த்தால், ஆய்வில் அடங்கிய மக்களில் இன்னும் 2.7 வீதம் பேர், அதாவது 7 கோடி 80 லட்சம் பேர், நாளுக்கு ஒரு டொலர் என்ற வறுமைக் கோட்டுக்குக் கீழே விழுகிறார்கள் என்று கண்டார்கள். அந்த 11 நாடுகளில் இலங்கை பாதிப்புக் குறைந்த பக்கத்தில் நின்றது.

எப்படி? கைக்காசின் பெரும்பங்கைக் கட்டுவது வசதி உள்ளவர்கள். தடிமனுக்கும் வயிற்று வலிக்கும் அவர்கள் தனியாரிடம் போய்விடுகிறார்கள். வாட்டில் நிற்க வேண்டிய பெரிய வருத்தம் என்றால் பணக்காரரும் ஏழையும் பெரும்பாலும் அரச ஆஸ்பத்திரிக்குத்தான். வீட்டை விற்க வைக்கிற செலவை அரசாங்கம் ஏற்கிறது, சில்லறைச் செலவை மக்கள் ஏற்கிறார்கள். யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு இப்படிச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை, ஆனால் பல காப்புறுதித் திட்டங்களை விட இது ஏழைக்கு நன்றாக வேலை செய்திருக்கிறது. ஒரேயொரு நிபந்தனை, அரச ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கவேண்டும். 2022-ல் டொலர் தீர்ந்தபோது அந்த நிபந்தனை உடைந்தது. சத்திரசிகிச்சைகள் தள்ளிப்போயின, துண்டு கொடுத்து வெளியே அனுப்புவது வழக்கமாயிற்று. 138 பஸ்ஸில் மகரகமைக்குப் போகும் புற்றுநோயாளிகளின் கையில் அந்த வருடம் எத்தனை துண்டு இருந்தது என்று யாராவது ஒழுங்காக எழுதவேண்டும். நீங்களே எழுதலாம்.

அளக்கும் முறையிலும் ஓட்டை உண்டு. ஒரு வீட்டின் மொத்தச் செலவில் 10 வீதத்துக்கோ 25 வீதத்துக்கோ மேல் வைத்தியத்துக்குப் போனால் அதைப் பேரிடர்ச் செலவு என்று கணக்கிடுவது பல காலமாகச் சர்வதேச வழக்கம். நல்லது. ஆனால் காசில்லை என்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவருக்கு வைத்தியச் செலவு 0, அட்டவணையில் அவர் சுகமான ஆள். கொட்டாஞ்சேனை அம்மா இருபது நாள் மாத்திரையை வாங்காமல் விட்டதால் அவருடைய வீடு அந்த 10 வீதத்துக்குள் பத்திரமாக நிற்கிறது!

தரவைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஆட்கள் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. 'இலங்கை' என்று தலைப்பிட்ட பழைய அட்டவணைகள் பலவற்றில் வடக்கும் கிழக்கும் கிடையாது. போர்க் காலத்தில் குடித்தொகை மதிப்பீட்டுத் திணைக்களத்தின் வீட்டு வருமான, செலவின அளவீடு அங்கே போகவில்லை. 2009/10-லும் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு விடுபட்டன, எல்லா மாவட்டமும் வந்தது 2012/13-ல்தான். தாய் சேய் நலம் பற்றிய குடித்தொகை, சுகாதார அளவீட்டுக்கு அது 2016 வரை பிந்தியது. ஆகவே 1990-களுக்கும் இன்றைக்கும் ஒரு கோடு இழுத்து 'நாடு முன்னேறியது' என்று யாராவது காட்டினால், அந்தக் கோட்டின் இரண்டு முனையும் ஒரே நாடுதானா என்று முதலில் கேளுங்கள். உங்கள் மலையகம் அந்த அளவீட்டில் 'பெருந்தோட்டத் துறை' என்று தனியாக இருக்கும். மாதிரி சின்னது, அதனால் பலர் அதைக் கிராமத்தோடு சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அப்படிச் சேர்ப்பதை நான் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை.

வெளியில் இருப்பவர்கள் எங்கள் தரவை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் சொல்கிறேன். 1930-களில் இலங்கையில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2,000 தாய்மாருக்கு மேல் இறந்த வருடங்கள் உண்டு. இன்று அது 30-ஐ ஒட்டி நிற்கிறது. 1946-க்கும் 1953-க்கும் இடையில் மட்டும் அந்த மரணங்கள் மளமளவென்று குறைந்தன. ஆஸ்பத்திரி, பயிற்றப்பட்ட மருத்துவிச்சி, அம்புலன்ஸ், பெனிசிலின், இரத்தம் ஏற்றுதல் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து சேர்ந்தன. சீமா ஜெயச்சந்திரனும் அட்ரியானா யெராஸ்-முனேயும் 2009-ல் குவார்ட்டர்லி ஜேர்னல் ஒஃப் எகனொமிக்ஸில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பிரசவத்தில் சாகும் பயம் பெண்ணுக்குத்தான், பையனுக்கு இல்லை. அது குறைந்த வேகமும் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. அப்படியென்றால் அதிகம் குறைந்த மாவட்டங்களில், ஆண் பிள்ளைகளோடு ஒப்பிடப் பெண் பிள்ளைகளின் படிப்புக் கூடியிருக்க வேண்டும் அல்லவா? கூடியிருந்தது. 15 வயதுப் பெண்ணின் எதிர்பார்க்கும் ஆயுள் 4.1 வீதம் நீண்டது, அதனால் பெண்களின் எழுத்தறிவு 2.5 வீதமும் படித்த வருடங்கள் 4 வீதமும் உயர்ந்தன என்பது அவர்கள் கணக்கு. மகள் உயிரோடு இருப்பாள் என்ற நம்பிக்கை வந்தால் தகப்பன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறான். முதல் முறை வாசித்தபோது எனக்குச் சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. இங்கே கிராமம் கிராமமாக மரணங்களைப் பதிந்தவர்கள் எங்கள் பதிவாளர்கள். அந்தப் பக்கங்களில் இப்படி ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இனி வாழ்க்கை. சுகாதாரப் பொருளியலாளர் இரண்டு வீட்டுக்கு மருமகள். பொருளியல் வீட்டில் கட்டுரை ஐம்பது பக்கம் போகும், இதழுக்கு அனுப்பினால் திருத்து, திரும்ப அனுப்பு என்று வருடக் கணக்கில் இழுக்கும், கடைசியில் 'காரணத் தொடர்பு உறுதியாகவில்லை' என்று திருப்பியும் விடலாம். வைத்திய வீட்டில் மூவாயிரம் சொல்லுக்குள் முடிக்கவேண்டும், சில மாதத்தில் முடிவு தெரியும், ஆனால் பன்னிரண்டு பேர் ஆசிரியர்களாக இருப்பார்கள். ஒரு வீட்டில் கிடைத்த மரியாதை மற்ற வீட்டில் செல்லாது. பொருளியல் துறையில் பதவி உயர்வுக்குப் போனால் "இது வைத்திய இதழ்தானே" என்பார்கள். வைத்தியர்கள் நடுவில் இருந்தால் "நீங்க கணக்கைப் பாருங்க, மிச்சத்தை நாங்க பாக்கிறோம்" என்பார்கள். இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டு வேலையைப் பார்க்கப் பழகவேண்டும்.

பெயர் வரிசை இன்னொரு வேடிக்கை. வைத்திய இதழில் அதிகம் வேலை செய்தவர் முதலில், பெரியவர் கடைசியில். பொருளியலில் பெரும்பாலும் ஆங்கில அகரவரிசை. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? அப்பாவின் பெயரைத்தான் கடைசியில் போடுகிறோம். என் அப்பாவின் பெயர் 'வி'யில் தொடங்குகிறது. நாலு பேர் சேர்ந்து எழுதினால் மேற்கோளில் முதல் பெயரும் 'மற்றும் பிறர்' என்பதும்தான் மிஞ்சும். பதினைந்து வருடமாக நான் 'பிறர்'. கலியாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைப் போட்டிருக்கலாமே என்றாள் ஒரு சிநேகிதி. அவர் 'எஸ்'. மூன்று எழுத்துக்காகப் பெயரை மாற்றவா என்று விட்டுவிட்டேன்.

கருத்தரங்குப் பழக்கமும் ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்கப் பொருளியல் துறைகளில் இரண்டாவது படம் திரையில் வருவதற்குள் மறித்துக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள், பேசுகிறவர் பிஎச்டி மாணவியா நோபல்காரரா என்று பார்ப்பதில்லை. இங்கே தலைமையுரை, பேச்சு, நன்றியுரை, அப்புறம் பெட்டிஸும் தேநீரும். உண்மையான கேள்விகள் தேநீரோடுதான் வரும். அதனால் கோப்பையோடு மூலைக்குப் போகாமல் நடுவில் நில்லுங்கள்.

காசு? பல்கலைக்கழகச் சம்பளத்தில் மட்டும் கொழும்பில் வாடகை கட்டி வாழ்வது கஷ்டம். அதனால் ஆலோசனை வேலை. வெளிநாட்டு நிதியில் மூன்று மாதத்தில் அறிக்கை, கேள்வியும் அவர்களுடையது, சில நேரம் பதிலும் அவர்களுடையது. ஒருமுறை நாங்கள் கண்ட ஒரு முடிவு நிதி தந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. பொய் சொல்லச் சொல்லவில்லை, அந்த அட்டவணையைப் பின்னிணைப்புக்குத் தள்ளச் சொன்னார்கள், தள்ளினோம். பின்னிணைப்பு 7. யாரும் படித்ததாகத் தெரியவில்லை. இன்றைக்கென்றால் சண்டை பிடித்திருப்பேன், அன்றைக்கு வீட்டுக் கடன் இருந்தது.

பிஎச்டிக்கு வெளிநாடு போகத்தான் வேண்டியிருக்கும். நிரந்தர விரிவுரையாளராக லீவில் போனால் பிணைப்பத்திரத்தில் கையெழுத்து வைக்கவேண்டும், திரும்பி வராவிட்டால் பிணை நின்றவரும் சேர்ந்து கட்டவேண்டும். பிணைக்கு மாமாவைக் கேட்பதற்கு முன் இதை யோசியுங்கள். 2022-க்குப் பிறகு போனவர்களில் நிறையப் பேர் வரவில்லை. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். இருப்பவர்களுக்குப் பாடச் சுமை கூடியிருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நடைமுறையாக இரண்டு விஷயம். நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்பதானாலும் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி வேண்டும், அதற்கு மாதங்கள் போகும், முதலில் அதைத் தொடங்குங்கள். ஸ்டேட்டா என்ற புள்ளிவிபர மென்பொருளை வாங்கக் காசில்லை என்று கவலைப்படாதீர்கள். அதே வேலையைச் செய்யும் 'ஆர்' (R) மென்பொருள் இலவசம், இது உண்மையிலேயே இலவசம்.

கடைசிக் கேள்வி, தமிழ் மூலம். ஆங்கிலம் இல்லாமல் முடியாது. எழுதுவது, அனுப்புவது, வாதாடுவது எல்லாம் அதில்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன்.

ஒரு பெரிய அளவீட்டில் நானும் வேலை செய்தேன். வினாக்கொத்து ஆங்கிலத்தில் தயாரானது, தமிழாக்கத்தை வெளியே கொடுத்துச் செய்வித்தார்கள். நுவரெலியா மாவட்டத்திலிருந்து முதல் தரவு வந்தபோது, தோட்டங்களில் ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களே அரிதாக இருந்தார்கள். கொழும்பில் எல்லாருக்கும் விளக்கம் தயாராக இருந்தது: தூரம், பாதை, 'அரைப்பேர் போய்விடும்' என்ற பயம் (தோட்டத்தில் அரைப்பேர் என்றால் பாதி நாட்சம்பளம்). அரைப்பேர் என்ற சொல் எங்கள் குழுத் தலைவருக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது, உடனே அதை அறிக்கையிலும் போட ஆசைப்பட்டார். அடுத்த இரண்டு வாரத் தரவில் எண்ணிக்கை ஏறியது. பிறகு வந்த தோட்டங்களுக்கு மட்டும் திடீரென்று பாதை போட்டுவிட்டார்களா?

படிவங்களைத் திகதி வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, ஒரே ஒரு வினவுநரின் படிவங்களில்தான் ஏற்றம். தலவாக்கலைப் பிள்ளை. தொலைபேசியில் கேட்டேன். "அக்கா, அதுல 'உள்நோயாளியாக அனுமதிக்கப்பட்டீர்களா'னு இருக்கு. கேட்டா, 'உள்ளுக்குள்ள நோயெல்லாம் இல்லம்மா'ங்கிறாங்க. நான் 'வாட்டுல நிப்பாட்டினாங்களா'னு மாத்திக் கேக்குறேன். அப்படிக் கேக்கக் கூடாதா?" என்றாள்.

மற்ற வினவுநர்களுக்கும் அன்றே சொல்லி, முதல் இரண்டு வாரத்துக்குரிய வீடுகளுக்குத் திரும்பப் போனோம். அந்தச் செலவை யார் தலையில் போடுவது என்பதில் ஒரு மாதம் இழுபட்டது. அடுத்த சுற்றுப் படிவத்தில் அந்த வினாவுக்குக் கீழே, அடைப்புக்குறிக்குள், 'வாட்டில் நிறுத்தினார்களா?' என்று அச்சடித்தோம்.